பற்றரி தீர்ந்த டயரி



மாத்தளையிலிருந்து ஏ9 வீதியால் வடக்கே வரும்போது, அலுவிகாரையைக் கடந்து சிறிது தூரத்தில் பலாபத்வல வரும். யாழ்ப்பாண பஸ்ஸில் போனவர்கள் மிளகுக் கொடிகளையும் கொக்கோ மரங்களையும் ஜன்னலால் பார்த்திருப்பீர்கள். 1977இலும் 1983இலும் நடந்த வன்செயல்களுக்குப் பிறகு மலையகத்தின் தோட்டங்களிலிருந்து வன்னிக்குப் போன குடும்பங்கள் பல. அவற்றில் சில 2009க்குப் பிறகு உறவினரைத் தேடி இந்தப் பக்கம் திரும்பி வந்தன. அப்படி வந்தவர்களும் இங்கேயே இருந்தவர்களும் சேர்ந்த ஒரு குழுவை நான் மாதத்தில் இரண்டு தடவை சந்திப்பது வழக்கம்.

அண்மையில் ஒரு கூட்டம் முடிந்து எல்லோரும் எழுந்து போன பிறகும் ஓர் அக்கா மட்டும் போகாமல் இருந்தார். மடியில் ஒரு பொலித்தீன் பை. அதற்குள் அடையாள அட்டைப் பிரதி, முகாமில் கொடுத்த குடும்ப அட்டை, இரண்டு கடிதங்கள். எல்லாவற்றுக்கும் அடியில் மூக்குக்கண்ணாடிக் கூடு போல ஒரு கறுப்புச் சாமான். விரித்தால் ஒரு பக்கம் சின்னத் திரை, மறுபக்கம் ஆங்கில எழுத்துகள் போட்ட பொத்தான்கள்.

"மிஸ், இத திறந்து பார்க்க ஏலுமா? அவர்ட நம்பர் எல்லாம் இதுக்குள்ளதான் இருக்கு."

பார்த்ததும் விளங்கியது. அது டிஜிட்டல் டயரி. கைத்தொலைபேசி எல்லோர் கைக்கும் வருவதற்கு முன்னால் மத்திய கிழக்கிலிருந்து வந்தவர்கள் கொண்டுவந்த சாமான்களில் இதுவும் ஒன்று. இவருடைய நாத்தனார் குவைத்தில் வீட்டு வேலை செய்தவர். சமாதான காலத்தில், ஏ9 பாதை திறந்த பிறகு, 2003இல் தம்பிக்கு என்று அனுப்பியிருக்கிறார். கணவர் கிளிநொச்சியில் ஒரு கராஜில் வேலை. சாமான் வாங்கும் கடைகளின் இலக்கம், கடன் கணக்கு, கூட்டாளிமாரின் விலாசம் எல்லாவற்றையும் இதில்தான் பதிந்து வைத்திருக்கிறார். 2009 மே மாதத்துக்குப் பிறகு அவரைப் பற்றி எந்தத் தகவலும் இல்லை. கடைசி நாட்களில் அவரோடு நின்ற இரண்டு பேரின் வீட்டு இலக்கங்கள் இந்தச் சாமானுக்குள் இருக்கின்றன என்பது அக்காவின் நம்பிக்கை.

"முகாம்ல இத யாருக்கும் காட்டல்ல மிஸ். இத வச்சிருந்தா என்ன சொல்லுவாங்களோ எண்டு பயம். அப்ப காட்டியிருந்தா அவங்கள தேடிப் பிடிச்சிருக்கலாம். நான்தான் விட்டுட்டேன்."

இத்தனை வருடமாக அவர் அந்தக் குற்றத்தைச் சுமந்திருக்கிறார். குழுவில் ஒருநாளும் வாய் திறந்ததில்லை.

மாத்தளை டவுனில் மணிக்கூடு திருத்தும் ஒரு நானாவிடம் இருவரும் போனோம். வயதானவர், இந்தச் சாமான்களை நன்றாக அறிந்தவர். பின்பக்க மூடியைக் கழற்றிப் பார்த்துவிட்டு எங்களிடம் நீட்டினார். பற்றரி வைக்கும் மூன்று இடங்களும் வெறுமையாக இருந்தன.

"பற்றரிய யார் மகள் கழட்டினது?"

அக்கா கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு சொன்னார். 2006 ஆகஸ்டில் பாதை பூட்டிய பிறகு வன்னியில் இந்தப் பொத்தான் பற்றரி கிடைக்கவில்லை. 2007இல் திரை மங்கிப்போனதும் கணவர் மூன்றையும் கழற்றி, ஒரு தாளில் சுற்றி, வவுனியா போகிற யாரிடமாவது கொடுத்து இதே மாதிரி வாங்கிவரச் சொல்ல வைத்திருந்தார். யாரும் போகவில்லை.

நானா புதுப் பற்றரி போட்டார். திரையில் எழுத்து வந்தது. அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார். நேரத்தைச் சரிசெய்யச் சொல்லிக் கேட்டது. திகதி ஜனவரி 1 என்று நின்றது. பெயர்ப் பகுதியைத் திறந்தபோது ஒன்றும் இல்லை. குறிப்புப் பகுதியிலும் ஒன்றும் இல்லை.

இது ஏன் இப்படி என்பதை நானா சொன்னதையும் நான் பிறகு படித்து அறிந்ததையும் வைத்துச் சொல்கிறேன். உங்களில் யாரிடமாவது இப்படி ஒன்று இருந்தால் விளங்கிக்கொள்ள உதவும்.

1980களின் கடைசியிலிருந்து காசியோ, ஷார்ப் போன்ற ஜப்பானிய நிறுவனங்கள் விற்ற இந்த டயரிகளின் ஞாபகம் மின்சாரத்தில் நிற்கும் ஞாபகம். 32 கிலோபைட், 64 கிலோபைட் என்று விற்றார்கள். 64 என்றால் ஏறக்குறைய 65,000 ஆங்கில எழுத்து. அந்த எழுத்துகள் அழியாமல் இருக்க, சாமானை நிறுத்தி வைத்திருக்கும்போதும் உள்ளே சிறிதளவு மின் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். அதற்காகவே பிரதான பற்றரியோடு காவலுக்கு இன்னொரு பற்றரி வைத்தார்கள். ஒன்றை மாற்றும்போது மற்றதைக் கழற்றக்கூடாது என்று கைநூலில் எச்சரித்தும் இருந்தார்கள். கைநூல் ஆங்கிலத்தில் இருந்தது. வீட்டு வேலைக்குப் போன அக்கா தம்பிக்கு அனுப்பும் சாமானோடு கைநூலும் வந்ததோ என்னவோ.

அமெரிக்காவில் 1996இல் வந்து பெரும் பெயர் எடுத்த பாம் பைலட்டுக்கும் இதே குறைதான். பென்சில் போன்ற குச்சியால் அதன் திரையில் எழுதலாம். இரண்டு சின்னப் பற்றரியில் பல வாரம் ஓடும். ஆனால் பற்றரி மாற்றும்போது ஒரு நிமிடத்துக்குள் புதியதைப் போட்டுவிட வேண்டும், தாமதித்தால் உள்ளே இருப்பது போய்விடும். அதைச் செய்தவர்கள் ஒரு காரியத்தை மட்டும் புத்தியாகச் செய்தார்கள். கணினியோடு இணைத்த ஒரு தட்டில் அதை வைத்துப் பொத்தானை அழுத்தினால் எல்லாவற்றுக்கும் கணினியில் ஒரு பிரதி உண்டாகும். பிரதி இருந்ததால் பாம் வைத்திருந்தவர்கள் தப்பினார்கள். எங்கள் வன்னி வீட்டில் கணினிக்கு எங்கே போவது? மின்சாரத்துக்கே சைக்கிள் டைனமோவைச் சுற்றி ரேடியோ கேட்ட ஜனங்கள். 1990களில் ரோர்ச் பற்றரிகூட வடக்குக்குக் கொண்டுபோகத் தடைசெய்யப்பட்ட பொருளாக இருந்ததை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். பற்றரி இல்லாமல் ஞாபகம் வைத்திருக்கத் தெரியாத சாமான் பற்றரியே கிடைக்காத ஊருக்கு வந்து சேர்ந்ததுதான் இங்கே நடந்தது.

எல்லாம் இப்படி இருந்தன என்றும் சொல்ல முடியாது. இங்கிலாந்தில் சையன் என்ற நிறுவனம் 1984இலேயே கையடக்க ஓர்கனைசர் ஒன்றைச் செய்தது. ஒரே வரி, 16 எழுத்துத் திரை. அதில் செருகும் ஞாபகப் பொதிக்குப் பற்றரி இல்லாவிட்டாலும் மறதி இல்லை. அதற்கு வேறு விதமான கஷ்டம். ஒரு பெயரை அழித்தாலும் அது பிடித்த இடம் திரும்பக் கிடைக்காது. பொதி நிறைந்தால் கழற்றி, புற ஊதா ஒளிக்குக் கீழே வைத்துத்தான் முழுவதையும் துடைக்கலாம்.

கடையில் நின்றபடி அக்கா கேட்ட கேள்வி ஒன்றுதான். "அப்ப இது எப்ப மறந்தது?"

நானா என்னைப் பார்த்தார். சொல்வதா விடுவதா என்று எனக்கும் தயக்கம். சமூகவியல் படிக்கும்போது இதற்கெல்லாம் பாடம் இருக்கவில்லை. ஆனாலும் சொன்னேன். மூன்று பற்றரியையும் ஒன்றாகக் கழற்றி வைத்த அன்றே, 2007இலேயே, எல்லாம் போயிருக்கும். முகாமுக்கு நீங்கள் கொண்டுவந்தது வெறும் கூடு. அங்கே யாரிடம் காட்டியிருந்தாலும் இதைத்தான் பார்த்திருப்பார்கள்.

அவர் அழவில்லை. வெளியே வந்து பஸ் நிலையத்தில் தேநீர் குடிக்கும்போதுதான் பேசினார். "அப்ப நான் மறைச்சதால ஒண்ணும் ஆகல்ல." அதை இரண்டு தடவை சொன்னார்.

2007க்குப் பிறகு உங்கள் கணவர் இலக்கங்களை எதில் எழுதினார் என்று கேட்டேன். மகளின் கணக்குக் கொப்பியின் பின்பக்கத்தில் என்றார். அந்தக் கொப்பி புதுக்குடியிருப்பில் ஒரு பங்கருக்குள் போய்விட்டது. ஆகவே, கடதாசி நல்லது, மெஷின் கெட்டது என்று நான் எழுதினால் அது பொய்.

எங்கள் ஊருக்குப் பக்கத்து அலுவிகாரையை நினைத்துப் பாருங்கள். பௌத்த வேதமான திரிபிடகத்தைக் கிறிஸ்துவுக்கு முன் முதலாம் நூற்றாண்டில் முதன்முதலாக ஓலையில் எழுதியது அங்கே என்று சொல்வார்கள். அதுவரை பிக்குமார் மனப்பாடமாகவே காத்து வந்தார்கள். பஞ்சமும் யுத்தமும் வந்து, மனப்பாடம் செய்தவர்கள் இறந்துபோகத் தொடங்கியபோதுதான் எழுத வேண்டும் என்ற பயம் வந்தது. அந்த ஓலைகளும் நிலைக்கவில்லை. 1848 மாத்தளைக் கிளர்ச்சியை ஆங்கிலேயர் அடக்கியபோது விகாரையின் ஏட்டுக் களஞ்சியம் அழிந்தது. ஆனாலும் திரிபிடகம் இருக்கிறது, ஏனென்றால் வேறு இடங்களில் பிரதி எடுத்து வைத்திருந்தார்கள்.

இனி என்னைப் பற்றிய ஒரு கதை. அக்காவின் டயரியைப் பார்த்த இரவு எனக்குத் தூக்கம் வராததற்குக் காரணம் இதுதான்.

பட்டம் முடித்த புதிதில், 2011இல், ஒரு நிறுவனத்துக்காக வீடு வீடாகத் தகவல் சேகரித்தேன். பெயர் வேண்டாம். அந்த நிறுவனம் பழைய கையடக்க மெஷின்களைத் தந்திருந்தது. குச்சியால் தொட்டுத் தொட்டு விடை பதிய வேண்டும். தமிழ் எழுத்து கிடையாது. செல்லம்மா என்ற பெயரை ஆங்கிலத்தில் 'எஸ்'இல் தொடங்குவதா 'சி'இல் தொடங்குவதா? ஞானம்மாவுக்கு 'ஜி'யா 'என்'னா? ஒருவர் ஒரு மாதிரி, இன்னொருவர் வேறு மாதிரி எழுதினோம். பட்டியலில் ஒரே பெண் இரண்டு பேராக வந்தார். நிவாரணம் கொடுக்கும்போது பெயர் இல்லை என்று திரும்பிப் போனவர்களும் உண்டு.

அதைவிட மோசமானது நாலாவது கேள்வி. திருமண நிலை. திரையில் நான்கு விடைகள்தான் இருந்தன. திருமணமாகாதவர், திருமணமானவர், விதவை, பிரிந்தவர். கணவர் காணாமற்போன பெண்ணுக்கு எதைத் தொடுவது? கடதாசியாக இருந்தால் ஓரத்தில் இரண்டு வரி எழுதியிருப்பேன். மெஷினில் ஓரம் இல்லை. ஒன்றைத் தொட்டால்தான் அடுத்த கேள்விக்குப் போகவிடும். மேலதிகாரியைக் கேட்டபோது, "விதவை என்று போடு, அதற்குத்தான் உதவி உண்டு" என்றார். நான் போட்டேன். பக்கத்திலிருந்து திரையைப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு பெண், ஆங்கிலம் வாசிக்கத் தெரிந்தவர், எழுந்து உள்ளே போனார். திரும்பி வரவே இல்லை.

ஒன்றரை வருடத்தில் திட்டம் முடிந்தது. மெஷின்களைப் பெட்டியில் போட்டுக் கொழும்புக்கு அனுப்பினோம். அடுத்த திட்டம் வேறு படிவத்தோடு வந்தது. பழைய தகவல் எங்கே என்று கேட்டால் யாருக்கும் தெரியவில்லை. அதே வீட்டுக்கு, அதே பெண்ணிடம், "கடைசியாக எப்போது கண்டீர்கள்" என்று கேட்க மறுபடியும் போனேன். அந்தப் பெண்களிடம் தாங்கள் சொன்னதன் ஒரு துண்டுக் கடதாசிகூட இல்லை. இறந்ததாகச் சொல்லாமல், காணாமல் இருக்கிறார் என்றே சான்றிதழ் பெறும் வழி சட்டத்தில் வந்தது 2016இல்தான். காணாமற்போன ஆட்கள் பற்றிய அலுவலகத்துக்கான சட்டமும் அதே வருடம் வந்தது. அதற்குள் எத்தனை பேர் எத்தனை மெஷின்களில் விதவையாகப் பதியப்பட்டார்களோ.

இந்த மெஷின்கள் கெட்ட எண்ணத்தோடு வந்தவை என்று நான் சொல்லவில்லை. 1990களின் நடுவில் இந்தியாவில், ராஜஸ்தான் மாநிலத்தின் அஜ்மீர் மாவட்டத்தில், கிராமங்களுக்கு நடந்துபோகும் தாதிமாருக்காக ஆப்பிள் நிறுவனத்தின் நியூட்டன் என்ற கையடக்க மெஷினை வைத்து ஒரு முயற்சி நடந்தது. நமது குடும்பநல மாது மாதிரி, அந்தப் பெண்கள் தடித்த பதிவேடுகளைச் சுமந்து, வேலை நேரத்தில் பெரும்பகுதியை எழுதுவதிலேயே கழித்தார்கள். வடிவமைத்தவர்கள் அவர்களோடு வீடுகளுக்கே போய்ப் பார்த்து, ஹிந்தியிலும் படங்களிலுமாகத் திரைகளைச் செய்தார்கள். நியூட்டன் 1993இல் வந்தபோது, கையெழுத்தைப் பிழையாக வாசிக்கிறது என்று அமெரிக்காவில் கேலிச்சித்திரம் போட்டுச் சிரித்த மெஷின். 1998இல் ஆப்பிள் அதை நிறுத்திவிட்டது. சொந்தமில்லாத ஒன்றில் கட்டிய வேலைக்கு வரும் ஆபத்து இதுதான். கொழும்பிலோ கலிபோர்னியாவிலோ ஒருவர் நிறுத்தினால் கிராமத்தில் நின்றுவிடும்.

அதற்கு மாற்றாக நம் அயலவர்கள் செய்த சிம்பியூட்டரை எனக்குப் பிடிக்கும். பெங்களூரில் இந்திய அறிவியல் கழகத்துப் பேராசிரியர்களும் என்கோர் நிறுவனத்தாரும் சேர்ந்து 2001 ஏப்ரலில் காட்டினார்கள். விலை 9,000 இந்திய ரூபா அளவில் இருக்க வேண்டும் என்பது திட்டம். ஆங்கிலம் தெரியாதவர்களுக்கு இந்திய மொழிகளில் வாசித்துச் சொல்லும். ஊருக்கு ஒரு மெஷின் போதும், ஒவ்வொருவருக்கும் ஓர் அட்டை. தன் தகவலைத் தன் அட்டையில் பதிந்து வீட்டுக்குக் கொண்டுபோகலாம். தகவல் நிறுவனத்தின் மெஷினில் தங்காமல் பெண்ணின் முந்தானையில் முடிந்து போகும் என்பதை யோசித்துப் பாருங்கள். 2004இல் விற்பனைக்கு வந்தது. 50,000 விற்க எதிர்பார்த்து, சில ஆயிரங்களோடு நின்றது. அதற்குள் கைத்தொலைபேசி மலிந்துவிட்டது. மெஷின் போனது பற்றி எனக்குக் கவலையில்லை, அந்த அட்டை யோசனையும் சேர்ந்து போனதுதான் கவலை.

இப்போது நான் தகவல் பதிவது போனில். தமிழில் எழுதலாம், குறிப்பும் எழுதலாம். ஆனாலும் பதிந்து முடிந்ததும் அதையே கார்பன் வைத்த கொப்பியில் எழுதி, ஒரு தாளைக் கிழித்து அந்தப் பெண்ணிடம் கொடுக்கிறேன். அலுவலகத்தில் இது வீண் வேலை என்கிறார்கள். உங்களிடம் யார் வந்து தகவல் கேட்டாலும், நான் உட்பட, பிரதி கேளுங்கள். திகதி, வந்தவரின் பெயர், நிறுவனம், கோவை இலக்கம் இந்த நான்காவது அதில் இருக்க வேண்டும். "பிறகு அனுப்புகிறோம்" என்றால் அப்போதே உங்கள் கொப்பியில் அவரையே எழுதிக் கையொப்பம் இடச் சொல்லுங்கள். கோபிப்பார்கள் என்று பயப்பட வேண்டாம். அந்தக் கொப்பியின் பிரதி ஒன்று வேறு வீட்டில், தங்கையிடமோ மகளிடமோ இருக்கட்டும்.

அக்காவைப் போல நீங்களும் ஏதாவது பழைய சாமானைப் பொத்தி வைத்திருக்கலாம். எதில் நம்பிக்கை உண்டு, எதில் இல்லை என்று சொல்லிவிடுகிறேன். பற்றரி இல்லாமல் கிடந்த டிஜிட்டல் டயரியில் ஒன்றும் மிஞ்சியிராது. பழைய கைத்தொலைபேசி அப்படியல்ல. அதில் பதிந்த இலக்கங்களும் குறுஞ்செய்திகளும் பற்றரி செத்தாலும் உள்ளே இருக்கக்கூடும், தூக்கி எறிய வேண்டாம். பற்றரி வீங்கியிருந்தால் சார்ஜ் போடாதீர்கள், அதே வகையில் வேறொன்றைப் போட்டுப் பார்க்கலாம். சிம் அட்டைக்குப் பற்றரியே தேவையில்லை. இணைப்பு வெட்டப்பட்டு எத்தனையோ வருடமானாலும் அதில் பதிந்த பெயர்களை இன்னொரு போனில் போட்டு வாசிக்க முடியும். ஆனால் பின் இலக்கம் கேட்டால் ஊகித்து அடிக்க வேண்டாம். மூன்று தடவை பிழைத்தால் பூட்டிக்கொள்ளும். அதைத் திறக்கும் இலக்கத்தையும் பத்துத் தடவை பிழையாக அடித்தால் நிரந்தரமாகப் போய்விடும். கெமராவின் சின்ன மெமரி அட்டைகளும் பற்றரி இல்லாமல் வைத்திருக்கும், என்றாலும் வருடக்கணக்கில் சும்மா கிடந்தால் மெல்ல அழியக்கூடும். ஆகவே சீக்கிரம் பிரதி எடுங்கள். கடையில் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வராதீர்கள். கூட யாரையாவது அழைத்துக்கொண்டு போய், வேலை முடியும்வரை முன்னால் இருங்கள். படங்கள் உங்கள் வீட்டுப் படங்கள்.

அந்த அக்கா அடுத்த கூட்டத்துக்கு ஒரு புதுக் கொப்பியோடு வந்தார். அந்த இரண்டு பேரின் ஊர், ஒருவரின் மனைவியின் பெயர், கராஜ் முதலாளியின் மூத்த மகன் படித்த பாடசாலை என்று நினைவில் இருந்ததையெல்லாம் மகளைக் கொண்டு எழுதுவித்திருந்தார். இலக்கம் எதுவும் இல்லை. ஒருவரின் ஊர் வட்டக்கச்சி என்பதால் அங்குள்ள குழுவுக்கு எழுதிக் கேட்டிருக்கிறோம். இன்னும் பதில் வரவில்லை.

அடுத்த கூட்டத்துக்கு மணிக்கூடு திருத்தும் நானாவும் வருவதாகச் சொல்லியிருக்கிறார். பழைய போன், சிம் அட்டை வைத்திருப்பவர்கள் கொண்டு வாருங்கள். சார்ஜர் இருந்தால் அதையும் மறக்காமல் கொண்டு வாருங்கள். பழைய போனுக்குப் பொருந்தும் சார்ஜர்தான் இப்போது கிடைப்பதில்லை.